அசல் கண்ட்ரி எது? ஹாங்கி டாங்க் பார்களில் நாம் பார்த்தது, கேட்டது

ஆஸ்டின்வாசி:

2009இல் வேலைக்காக ஆஸ்டின் வந்தேன். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் அறுபதை நெருங்கியவர், மேற்கு டெக்சாஸில் பருத்திக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவர். ஒருநாள் என் காரில் ஏறியவர், ரேடியோவில் ஓடிய கண்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புற இசை) நிலையத்தை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அணைத்தார். "இது கிதார் வைத்த விளம்பரம். வெள்ளிக்கிழமை என்னோடு வா" என்றார்.

கூட்டிப்போன இடம் புரோக்கன் ஸ்போக். சவுத் லமார் சாலையில் சிவப்பு நிற மரக் கட்டடம், வாசலில் பெரிய ஓக் மரம். 1964இல் ஜேம்ஸ் வைட் ராணுவத்தை விட்டு வந்த கையோடு திறந்தது. முன்பக்கம் சாப்பாட்டு அறை, பின்னால் ஆட்டக் கூடம். கூரை அவ்வளவு தாழ்வு, உயரமான ஆள் தொப்பியைக் கழற்றாமல் மேடை ஏறினால் பயமாக இருக்கும். பழம்பெரும் கண்ட்ரி இசைக்கலைஞர் பாப் வில்ஸ் அறுபதுகளில் இங்கே வாசித்திருக்கிறார். நண்பர் முதலில் சிக்கன் ஃபிரைடு ஸ்டேக் வாங்கிக் கொடுத்தார். கோழி என்று நம்பி முக்கால்வாசி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, மாட்டுக்கறியைத் தட்டி மாவில் புரட்டிக் கோழி மாதிரி பொரிப்பதாம். பெயரில் மட்டும்தான் கோழி. சரி, அது வேறு கதை.

ஃபிடிலும் (வயலின்தான்) ஸ்டீல் கிதாரும் (கம்பிமேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பது) சேர்ந்து தொடங்கியதும் மேசைகள் காலியாகிவிட்டன. எழுபது வயது ஜோடிகள், கல்லூரிப் பிள்ளைகள், பேத்தியைத் தன் பூட்ஸ் மேல் நிற்கவைத்து ஆடும் தாத்தா. எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் போகிறார்கள். நான் வேடிக்கை பார்க்கும் ஆர்வத்தில் குறுக்கே நின்றுவிட்டேன். இரண்டு பேர் இடித்துப் போனார்கள். மூன்றாவதாக வந்த ஒரு பாட்டி கையைப் பிடித்து இழுத்து, "வேகம், வேகம், மெதுவா, மெதுவா, அவ்வளவுதான்" என்று டூ-ஸ்டெப் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். மூன்று பாட்டு முழுக்க அவர் காலை மிதித்தேன்.

ஆடிப் பார்த்த பிறகுதான் அந்தத் தாளம் ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்தது. உட்கார்ந்து கேட்கும்போது எல்லாப் பாட்டும் ஒன்றுபோலத் தோன்றியது. காலில் வாங்கினால் ஒவ்வொன்றும் வேறு. நண்பரின் இலக்கணமும் இதுதான்: தரை நிறைந்தால் கண்ட்ரி, எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தால் அது வேறு ஏதோ.

அவர் சொன்ன இன்னொன்று. ஹாங்கி டாங்க் இசை வீட்டுத் திண்ணையில் பிறந்ததல்ல, சத்தத்தில் பிறந்தது. 1933இல் மதுவிலக்கு போனதும் டெக்சாஸ் எண்ணெய் வயல்களைச் சுற்றிச் சாலையோரக் குடிப்பிடங்கள் முளைத்தன. அவைதான் ஹாங்கி டாங்க். பாட்டில் சத்தம், பேச்சு, சண்டை. பாடகர் எர்னஸ்ட் டப்பிடம் ஜூக்பாக்ஸ்காரர்கள் (காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள்), "சாயங்காலம் கூட்டம் ஏறினால் உன் பாட்டு காதில் விழவில்லை" என்றார்களாம். அவர் மின்கிதார் சேர்த்தார். 1941இல் அப்படிப் பதிவான பாட்டு பெரிய வெற்றி. இன்று நாம் "பழைய அசல்" என்கிற ஓசை, அன்று கூச்சலை மீறிக் கேட்பதற்காகச் செய்த ஏற்பாடு.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

இரவுப்பணி:

அண்ணா, நான் கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் நர்ஸ். இங்கே வந்து பார்த்தால் உங்கள் நண்பருக்கு நெஞ்சுவலி வரும். லோயர் பிராட்வேயில் பிரபலப் பாடகர்களின் பெயர் மாட்டிய மூன்று மாடி, நான்கு மாடி பார்கள். தொப்பி போட்ட மணப்பெண் தோழிகள் கூட்டம் கூட்டமாக. உள்ளே ராக் பாட்டு.

ஆனால் டூட்சீஸ் பார் பக்கம் போகும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கும். ஊதா நிறச் சுவர். 1960இல் டூட்சி பெஸ் என்ற அம்மாள் எடுத்து நடத்தியது. பின்கதவு திறந்தால் சந்து, சந்துக்கு அப்பால் ரைமன் அரங்கம். கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற புகழ்பெற்ற கண்ட்ரி வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை அங்கேதான் நடந்தது. மேடையில் பாடி முடித்தவர்கள் பின்வாசல் வழியாகவே இங்கே வந்து குடித்துவிட்டுப் போவார்கள். பின்னால் பெரிய நட்சத்திரங்களான, அன்று கையில் காசில்லாத வில்லி நெல்சனும் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சனும் சுற்றிவந்த இடம்.

எனக்குப் பிடித்தது கொஞ்சம் தள்ளி இருக்கும் ராபர்ட்ஸ் பார். முன்னாளில் பூட்ஸ் கடை. சுவர் அலமாரியில் இன்னும் பூட்ஸ் அடுக்கியிருக்கும். பணி முடிந்து பகலில் போவேன், கூட்டம் இருக்காது. வாசிப்பவர்கள் நான்கு மணி நேரம் மாறிமாறி வாசிப்பார்கள், வருமானத்தில் பெரும்பங்கு கூட்டத்தில் சுற்றிவரும் டிப்ஸ் வாளிதான். இடைவேளையில் ஒரு ஸ்டீல் கிதார்காரரிடம் "எதுதான் அசல் கண்ட்ரி?" என்று கேட்டேன். வாளியை என் பக்கம் நகர்த்தி, "இருபது டாலர் போட்டால் எதுவுமே அசல்தான்" என்றார். போட்டேன்.

பழம்பாட்டு:

எதற்கு இவ்வளவு விவாதம்? 1953 புத்தாண்டு நாளில் கண்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் காரின் பின்சீட்டில் இறந்தார். வயது 29. கண்ட்ரியும் அன்றே போய்விட்டது.

ஹூஸ்டன் மாமா:

பழம்பாட்டு சார், அந்த ஹாங்க் யாரிடம் கற்றார்? அலபாமாவில் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடம். ஸ்டீல் கிதார் ஹவாயிலிருந்து வந்தது. பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்தது. ஓப்ரி மேடையின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி கறுப்பர், ஹார்மோனிகா வாசித்தவர். 1941இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதே மேடையில் டிரம்ஸையும் வெகுகாலம் அண்டவிடவில்லை. டிரம்ஸ் இல்லாத ஹாங்கி டாங்க்கை இன்று எங்கே தேடுவீர்கள்? 2024இல் பாப் பாடகி பியான்சே கண்ட்ரி பாடியபோதும் இதே சண்டை. அந்தப் பெண் எங்கள் ஊர்க்காரி!

என் அனுபவம் ஒன்று. பல வருடம் முன்பு கிழக்கு டெக்சாஸில் டயர் பஞ்சர். மெக்கானிக் வர ஒரு மணி நேரம் என்றார்கள். எதிரே ஒரு பார். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. என்னைப் போன்ற முகம் அங்கே அதிகம் வராது போல. ஒருவர் என் காதில் விழும்படி ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஜூக்பாக்ஸிடம் போய் கண்ட்ரி பாடகர் சார்லி பிரைட் பாட்டு ஒன்றைப் போட்டேன். 1966இல் அவருடைய முதல் இசைத்தட்டுகளைப் படம் இல்லாமல்தான் வானொலிகளுக்கு அனுப்பினார்கள், கறுப்பர் என்று தெரிந்தால் போடமாட்டார்களோ என்று. ஐந்து வருடத்தில் அவரே நாட்டின் முதன்மைக் கண்ட்ரி கலைஞர் விருதை வாங்கினார்.

பாட்டு முடிந்ததும் மூலையில் இருந்த கிழவர் எழுந்து வந்தார். அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். "தப்பான பாட்டைப் போட்டுவிட்டாய்" என்று தன் காசைப் போட்டு வேறொரு பிரைட் பாட்டை வைத்தார். அப்புறம் எது நல்ல பாட்டு என்று அரை மணி நேரம் வாதம். சிரித்த ஆள் கடைசிவரை என்னோடு பேசவில்லை. மெக்கானிக் வந்து காத்திருந்து கத்தியதுதான் மிச்சம்.

ஆஸ்டின்வாசி:

மாமா, எந்தப் பாட்டு என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

இன்னொரு தகவல். ஜேம்ஸ் வைட் 2021 ஜனவரியில் காலமானார். புரோக்கன் ஸ்போக்கின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன, நடுவில் அது மட்டும் அதே தாழ்ந்த கூரையோடு நிற்கிறது. நண்பருக்கு இடுப்பு அறுவை முடிந்திருக்கிறது. மேசையில் உட்கார்ந்து, நான் தப்படி வைக்கும்போதெல்லாம் விரலைக் காட்டித் திட்டுகிறார். போக நினைப்பவர்கள் ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுப் போகாதீர்கள். தரையில் பிடித்துக்கொள்ளும், பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறிவிடுவார்.