ப்ரோபஸ் நாணயத்தில் வெள்ளி உரிந்து செம்பு தெரிகிறது: ஏமாந்துவிட்டேனா?

காசுப்பெட்டி:
ரோமப் பேரரசர் ப்ரோபஸின் வெள்ளிக் காசு என்று ஒரு கண்காட்சியில் விற்றார்கள். முன்பக்கம் கதிர்முடி சூடிய தலை. பின்பக்கம் நான்கு குதிரைத் தேரில் சூரியன், அடியில் ரோமன் எண்ணில் 21. கறுத்திருந்ததால், குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தேன். மூக்கும் கன்னமும் செம்பாகிவிட்டன. போலியா?

பழஞ்செம்பு:
முதலில் புளியைக் கீழே வையுங்கள். செம்பு தெரிவதாலேயே போலி என்று ஆகிவிடாது. அந்தக் காசு பிறந்ததே அப்படித்தான்.

கி.பி. 215இல் பேரரசர் காரகல்லா இந்த வகைக் காசைக் கொண்டுவந்தபோது, இரண்டு தெனாரியஸ் (அதுவரை புழங்கிய ரோம வெள்ளிக் காசு) மதிப்பு என்றார். உள்ளே இருந்த வெள்ளியோ ஏறத்தாழ ஒன்றரைக்குத்தான். பின்வந்த பேரரசர்கள் படைவீரர் சம்பளத்துக்காக வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். காலியெனஸ் ஆட்சியின் முடிவில், 268 வாக்கில், நூற்றுக்கு மூன்று பங்கு தேறினால் அதிகம். 274இல் அவுரேலியன் அதை ஐந்து பங்கு அளவுக்கு உயர்த்தினார். உங்கள் காசிலுள்ள 21 அந்தச் சீர்திருத்தத்தின் முத்திரை: இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்பதே பலர் கொள்ளும் பொருள். ப்ரோபஸ் (276–282) அதையே தொடர்ந்தார்.

அக்கசாலையிலேயே மேலே மெல்லிய வெள்ளித் தோல் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் தாங்கிய அந்தத் தோலை நீங்கள் ஒரு மாலையில் உரித்துவிட்டீர்கள். விற்றவர் ‘வெள்ளிக் காசு’ என்று மட்டும் சொன்னது அரை உண்மை.

ஓரக்கோடு:
இவ்வளவு உறுதியாகச் சொல்ல வேண்டாம். இக்காலப் போலிகளுக்கும் முலாம் உண்டு. எடை எவ்வளவு? போலியை அச்சில் வார்த்ததைக் காட்டும் அடையாளங்கள், அதாவது விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு, முகத்தில் குமிழிக் குழிகள் இருக்கின்றனவா?

காசுப்பெட்டி:
3.9 கிராம். கோடும் இல்லை, குழியும் இல்லை. விளிம்பில் சிறு வெடிப்பு மட்டும்.

ஓரக்கோடு:
எடை பொருந்துகிறது. அக்காலத்தில் சம்மட்டியால் அடித்த காசுகளில் அப்படி வெடிப்பது வழக்கம். நேரில் பார்க்காமல் சான்றிதழ் தர மாட்டேன், ஆனால் சந்தேகம் பாதி தீர்ந்தது.

பழஞ்செம்பு:
நல்ல வெள்ளியே வேண்டுமென்றால் பேரரசர் டயோக்ளீஷியன் 294 வாக்கில் வெளியிட்ட அர்கென்டியஸ் என்னும் காசைத் தேடுங்கள். ஒரு ரோம ராத்தலுக்கு 96 காசு. விலை கையைச் சுடும். அது இருக்கட்டும், புளியோடு உப்பும் சேர்த்தீர்களா?

காசுப்பெட்டி:
ஒரு சிட்டிகை...

பழஞ்செம்பு:
நினைத்தேன். உப்பு தங்கினால் வெளிர்பச்சைப் பொடி பூத்துச் செம்பை அரிக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி ஒரு வாரம் பாருங்கள். பிறகு நன்றாக உலர்த்துங்கள். துணியால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.