யு இல்லாமல் க்யூ வரும் ஐந்தெழுத்துச் சொற்கள்

கேள்வி: எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் க்யூ எழுத்து கையில் மாட்டினால், யு வரட்டும் என்று காத்திருந்தே ஆட்டம் முடிந்துவிடுகிறது. யு இல்லாத ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

பதில்: நிறைய இருக்கிறது. நிகாப் (முகத்திரை), தலாக், ஃபகீர் மூன்றும் செல்லும். அரபியின் காஃப் எழுத்தை ஆங்கிலத்தில் க்யூ என்று எழுதுவதால்தான் பின்னால் யு தேவைப்படுவதில்லை. ஃபகீரை எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் என்று வையுங்கள், கே போட்ட வடிவமும் உண்டு. அப்புறம் ஈரானின் நிலத்தடி நீர்க்கால்வாய், கனாத்.

பதில்: 100 காய்களில் யு 4தான், அதை நம்பாதீர்கள். ஐ இருந்தால் க்யூ-ஐ என்று இரண்டே எழுத்தில் முடித்துவிடலாம், சீனத்தில் உயிராற்றல் என்று பொருள். கடைசிவரை க்யூ கையில் தங்கினால் 10 புள்ளி கழிந்துவிடும்.

கேட்டவர்: தலாக் தெரிந்த சொல்தானே, எனக்குத் தோன்றவே இல்லை! ரொம்ப நன்றி.