முதல் ஒலிம்பிக் தூர ட்ரையத்லான்: குரூப் ரைடில் 32 வருது, ரேஸில் எவ்வளவு வைக்கலாம்?

ஹெண்ணூர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூருக்கு வெளியே ஒரு ஏரியில் நடக்கிற லோக்கல் ரேஸுக்கு எங்க கிளப் சார்பில் பெயர் கொடுத்திருக்கேன். 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இன்னும் ஆறு வாரம் இருக்கு.

50 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் 38 நிமிஷம். தேவனஹள்ளி பக்கம் கிளப் ரைடில் சராசரி மணிக்கு 32 கி.மீ. தனியா 10 கி.மீ. ஓட்டம் 56 நிமிஷம். ரோடு பைக், 25 மி.மீ. டயர், பெடலில் பூட்டிக்கிற கிளீட் ஷூ, எடை 72 கிலோ.

சைக்கிளில் என்ன வேகம் வைக்கணும்? ஷூவை பெடலிலேயே மாட்டி வைக்கலாமா? ஏரியில் இதுவரை நீந்தினதில்லை, எப்படித் தயாராகிறது? மூணு மணி நேரத்துக்குள்ள முடிக்க ஆசை.

சங்கிலி_எண்ணெய்

முதல்ல அந்த 32-ஐ மறந்துடுங்க தம்பி. குரூப்பில் காற்றைக் கிழிக்கிறது முன்னால போறவர். பின்னால ஒட்டிப் போறவருக்குக் கால்வாசி வேலை மிச்சம். ஏஜ் குரூப் ரேஸில், அதாவது நம்ம மாதிரி அமெச்சூர்கள் வயசுவாரியா ஓடுற ரேஸில், அந்தச் சலுகை கிடையாது. உலக ட்ரையத்லான் விதிப்படி இந்தத் தூரத்துக்கு, முன்னால போற சைக்கிளோட முன்சக்கரத்திலிருந்து பின்பக்கமா 10 மீட்டர் அவரோட இடம். அதுக்குள்ள நுழைஞ்சா 20 செகண்டுக்குள்ள முந்தி முடிக்கணும். ஒரே கிளப் ஜெர்சியில் ரெண்டு பேர் பேசிக்கிட்டே ஜோடியா போனா அஃபிஷியல் கண்ணில் முதல்ல படறது அவங்கதான். நீலக் கார்டு, 2 நிமிஷம் அபராதம். பெனால்டி இடத்தில் நிக்காம ஓடிட்டா டிஸ்குவாலிஃபை.

உங்க சொந்த வேகத்தைத் தெரிஞ்சுக்கணும்னா விடிகாலை தனியா, சிக்னல் இல்லாத ரோட்டில் 20 கி.மீ. போய் அதே வழியில் திரும்புங்க. ஒரு பக்கம் மட்டும் அளக்காதீங்க. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று தள்ளுற தள்ளுல யாரா இருந்தாலும் சாம்பியன்தான். 27, 28 வந்தா நல்ல வேகம்.

கணக்கு இப்படி வரும்: நீச்சல் 41, முதல் ட்ரான்ஸிஷன் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுறது) 4, சைக்கிள் 88, ரெண்டாவது ட்ரான்ஸிஷன் 2, ஓட்டம் 62. மொத்தம் 3 மணி 17 நிமிஷம். மூணு மணியைப் பிடிக்கிறேன்னு சைக்கிளில் 31 மிதிச்சா, அங்க சம்பாதிச்ச பத்து நிமிஷத்தை ஓட்டத்தில் ஆறாவது கிலோமீட்டரில் நடந்தே திருப்பிக் கொடுப்பீங்க.

தண்ணியை விட்டு வந்ததும் இதயத்துடிப்பு ஏறித்தான் இருக்கும். முதல் 5 கி.மீ. லேசான கியரில் போய் அதை இறக்குங்க. அப்புறம் ஒரு சின்ன வாக்கியம் பேச முடியுற அளவு முயற்சி, அதுக்கு மேல வேண்டாம். கடைசி 2 கி.மீ. கியரைக் குறைச்சு நிமிஷத்துக்கு 90 சுத்து. இறங்கினதும் கால் மரக்கட்டையா இருக்கிறது அதில் கொஞ்சம் குறையும்.

பயிற்சியில் இதுக்கு மருந்து பிரிக். வாரம் ஒருமுறை 25 கி.மீ. சைக்கிள், அதில் கடைசி 10 ரேஸ் முயற்சியில், இறங்கி அஞ்சு நிமிஷத்துக்குள்ள 4 கி.மீ. ஓட்டம். சைக்கிள் வேகத்துக்குப் பழகின கண்ணுக்கு ஓட்டம் ஆமை வேகமாத் தெரியும், அதனால எல்லாரும் முதல் கிலோமீட்டரைத் தெரியாமலே வேகமா ஓடிடுவாங்க. உங்க இலக்கு கிலோமீட்டருக்கு 6:12 நிமிஷம்னா முதல் கிலோமீட்டர் 6:25. வாட்ச்சைப் பார்த்து அடக்குங்க. நந்தி மலை ஏத்தம் ஜாலிக்குப் போங்க. தட்டையான ரேஸுக்கு, நேர் ரோட்டில் 40 நிமிஷம் ஒரே சீரா மிதிக்கிறதுதான் பலன் தரும்.

சாப்பாடு: 750 மி.லி. பாட்டிலில் 45 கிராம் குளுக்கோஸ், 1 கிராம் உப்பு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ரெண்டு வாய். இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணி. சைக்கிள் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது ஒரு எனர்ஜி ஜெல், அதை வெறும் தண்ணியோடதான் எடுக்கணும். குளுக்கோஸ் தண்ணியோட சேர்ந்தா வயித்தில் கெட்டியாகி ஓட்டத்தில் பிடிச்சு இழுக்கும். ஓஆர்எஸ் மட்டும் போதும்னு சிலர் சொல்வாங்க. அதில் உப்பு சரியா இருக்கும், ஆனா லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். மூணு மணி நேர வேலைக்கு அது எந்த மூலைக்கு?

ஈரத்துண்டு

நீச்சலுக்கு மட்டும் பதில்.

குளத்தில் 1500-க்கு இருபத்தொன்பது தடவை சுவரை உதைச்சுத் திரும்புறீங்க. ஏரியில் அந்த உதை இல்லை, கோடும் இல்லை. தலை தூக்கிப் பார்க்கத் தெரியலைன்னா 1500 மீட்டர் 1700 ஆயிடும். ஆறிலிருந்து எட்டு கை வீச்சுக்கு ஒருமுறை, முதலை மாதிரி கண் மட்டும் தண்ணிக்கு மேல வந்து மிதவையைப் பார்க்கணும். மூச்சை வழக்கம்போல பக்கவாட்டில்தான் எடுக்கணும். முன்னால பார்த்துக்கிட்டே மூச்சு எடுத்தா இடுப்பு இறங்கி வேகம் போயிடும். குளத்திலேயே பழகலாம்: 50 மீட்டருக்கு நாலு முறை எதிர்ச் சுவரில் ஒரு பொருளைக் குறி வெச்சுப் பாருங்க. ரெண்டு கிளப் நண்பர்களோட ஒரே லேனில் மூணு பேரா இடிச்சுக்கிட்டு நீந்துங்க.

சைக்கிளில் தப்பான அதே விஷயம் தண்ணியில் தப்பில்லை. உங்களைவிடக் கொஞ்சம் வேகமானவர் காலுக்குப் பின்னால ஒட்டி நீந்தலாம். அவர் நேரா போறாரான்னு மட்டும் அப்பப்போ பார்த்துக்குங்க.

ஆரம்பத்தில் மூச்சு முட்டும். முக்கால்வாசி நேரம் காரணம், தண்ணிக்குள்ள மூச்சை வெளியே விடாம அடக்கி வெச்சிருக்கிறது. ஓரத்தில் பின்வரிசையில் நில்லுங்க, முதல் 100 மீட்டர் குமிழி விடறதில் மட்டும் கவனம். முடியலைன்னா மல்லாந்து மிதங்க, பாதுகாப்புக்கு நிக்கிற கயாக் படகைப் பிடிச்சு நில்லுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு முன்னேறாத வரை தகுதி போகாது.

காகில்ஸ் ஸ்ட்ராப்புக்கு மேல ரேஸ் தொப்பி, அடியில் சொந்தத் தொப்பி ஒண்ணு. உதை பட்டாலும் காகில்ஸ் கழலாது. வெட்சூட் (ரப்பர் நீச்சல் உடை) வாங்காதீங்க: ஏஜ் குரூப்புக்கு இந்தத் தூரத்தில் தண்ணி 22 டிகிரிக்கு மேல போனா அதுக்குத் தடை.

விசில்சத்தம்

ட்ரான்ஸிஷனில் வேகத்தைவிட வரிசை முக்கியம். ஹெல்மெட்டின் பக்கிளைப் போட்ட பிறகுதான் சைக்கிளை ரேக்கிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது சைக்கிளை ரேக்கில் மாட்டிய பிறகுதான் பக்கிளைக் கழற்ற வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இரண்டாவதில்தான். இறங்கிய கையோடு ஹெல்மெட்டைத் திறந்துவிடுகிறார்கள். ஏறும் கோட்டைத் தாண்டி ஒரு கால் தரையில் பட்ட பிறகே ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே ஒரு காலாவது தரையைத் தொட வேண்டும்.

ஹெல்மெட்டைத் தலைகீழாக ஹேண்டில்பார் மேல் வையுங்கள், ஸ்ட்ராப் இருபுறமும் வெளியே தொங்கட்டும். நம்பர் பெல்ட் சைக்கிளில் முதுகுப் பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம். நேரம் அளக்கும் சிப் இடது கணுக்காலில், செயின் பக்கம் வேண்டாம். அதன் அடியில் கொஞ்சம் வாசலின். உடம்பில் நம்பர் எழுதி முடிக்கும் வரை சன்ஸ்கிரீன் தடவாதீர்கள், மார்க்கர் மை பிடிக்காது. ஹேண்டில்பார் முனைகளில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் செக்-இன்னில் திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு.

ஷூவைப் பெடலில் மாட்டி வைக்காதீர்கள். மிச்சமாவது 15, 20 செகண்ட். ஆறு வாரத்தில் அது கைவராது.

சங்கிலி_எண்ணெய்

கடைசி வரியை ஒத்துக்க மாட்டேன். பார்க்கிங் லாட்டில் தினம் பத்து முறை பண்ணினா ரெண்டு வாரத்தில் வந்துடும். ஷூ பின்பக்க வளையத்தை மெல்லிய ரப்பர் பேண்டால் ஃப்ரேமில் கட்டி மட்டமா நிறுத்துங்க, முதல் மிதியில் அறுந்துடும்.

விசில்சத்தம்

அதே கோட்டில் இருபது பேர் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் விழுந்து நீங்களும் விழுவீர்கள். முதல் ரேஸுக்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ரப்பர் லேஸ் போட்ட ரன்னிங் ஷூ அதே அளவு நேரத்தை ரிஸ்க் இல்லாமல் மிச்சப்படுத்தும்.

ஹெண்ணூர்வாசி

ரொம்ப நன்றி. கிளீட்டோட ஓடிப் போய் ஏறிக்கிறேன். டயரில் எவ்வளவு காற்று? பஞ்சர் ஆனா?

சங்கிலி_எண்ணெய்

72 கிலோவுக்கு முன்னால 75, பின்னால 80 பிஎஸ்ஐ. ரேஸ் அன்னைக்குக் காலையில் அடிங்க. காரில் சைக்கிளைப் படுக்க வெச்சா செயின் பக்கம் மேல இருக்கணும், இல்லைன்னா பின் டிரெய்லியரை (செயினைக் கியர் மாத்துற கருவி) தாங்குற ஹேங்கர் வளைஞ்சு கியர் குதிக்கும். சக்கரத்தைக் கழட்டி மாட்டினா சுத்திவிட்டு பிரேக் உரசுதான்னு பாருங்க.

பஞ்சரானா புது ட்யூப் போடறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் முழுக்க விரலால தடவிப் பாருங்க. லாரி டயர் கம்பித் துணுக்கு உள்ளேயே நிக்கும், விட்டுட்டா அடுத்த ட்யூபும் போச்சு. காற்றடிக்க 16 கிராம் சிஓ2 உருளை ரெண்டு. பாட்டிலும் டூல் பையும் சீட்டுக்குப் பின்னால இருந்தா நம்ம ஊர் ஹம்ப்பில் தெறிச்சு விழும், ஃப்ரேம் கேஜிலேயே வைங்க. டீப் ரிம் வீல் கடன் வாங்கறதா இருந்தா ஸ்பேர் ட்யூபில் 60 மி.மீ. வால்வ் இருக்கான்னு பாருங்க. 48 மி.மீ. வால்வ் ரிம்முக்குள்ளயே மறைஞ்சுடும், பம்ப் தலை பிடிக்காது.