மூளை அதிர்ச்சியா, மூளைக் குலுக்கமா?

ஐயா, வணக்கம். மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

தலையில் அடிபட்டு மூளை கொஞ்ச நாள் தடுமாறும் நிலையான கன்கஷனுக்கு (concussion) 'மூளை அதிர்ச்சி' என்று பலரும் எழுதுகிறார்களே, புதுச்சொல் எதற்கு என்று நேற்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் என் அண்ணன் மகன், பத்து வயசு, வியாசர்பாடியில் கால்பந்து ஆடும்போது இன்னொரு பையனோடு தலை மோதி விழுந்தான். மயங்கவில்லை. எழுந்து நின்று, நம்ம கோல் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறான். ஆட்டோவில் ஒரு தடவை வாந்தி. கேஷுவாலிட்டி டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். மண்டையைத் தடவினார். காதுக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னதும் வியாழனோடு நின்றுவிட்டான். ஸ்கேன் எடுக்காமல் சில மணி நேரம் படுக்கவைத்துக் கவனித்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'மூளை அதிர்ச்சி' என்று இருந்தது. அம்மா அதைப் படித்ததும், "புள்ள பயந்துட்டிருக்குது" என்று சாயங்காலமே தர்காவுக்கு மந்திரிக்கக் கூட்டிப் போனார். மூன்றாம் நாள் அவன் மறுபடி மைதானத்தில் இருந்தான்.

அம்மா தப்பாகப் படிக்கவில்லை. அதிர்ச்சி என்றால் நம் ஊரில் திடுக்கிடுவதுதான். மருத்துவத் தமிழிலோ ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடும் நிலைக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். மின்சாரம் தாக்கினாலும் அதிர்ச்சி. இதையும் அதன் தலையில் கட்டினால் தாங்காது.

'மூளைக் காயம்' என்றால் எல்லோரும் காயத்தைத் தேடுவார்கள். சிடி ஸ்கேன் காட்டுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷன் அதில் தெரியாது, படம் சுத்தமாகவே வரும். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல" என்றதும் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'மூளைக் கலக்கம்' வேண்டவே வேண்டாம். மூளை கலங்கியவன் என்று தெருவில் பெயர் வைத்துவிடுவார்கள், பிள்ளைக்கு அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

என் பரிந்துரை 'மூளைக் குலுக்கம்'. நடப்பதும் அதுதான். மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளை, தலை சட்டென்று ஆடி நிற்கும்போது உள்ளே குலுங்கி, கொஞ்ச நாளைக்கு வேலையில் தடுமாறுகிறது. இளநீரை ஆட்டிக் காட்டி இதைச் சொன்னால் அம்மாவுக்கே புரிகிறது. 'குலுக்கல்' என்றால் சீட்டுக் குலுக்கல் நினைவு வரும், அதனால் 'குலுக்கம்'. வினையாக 'மூளை குலுங்கியிருக்கிறது' என்று டாக்டர் வாயில் இயல்பாக வரும். 'மூளை அதிர்ச்சியடைந்திருக்கிறது' என்று யாரும் பேசமாட்டார்கள்.

ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், அதற்கும் சொல் வேண்டும். 2009இல் அமெரிக்காவில் 42,412 பிள்ளைகளைக் கவனித்து வெளியிட்ட, தலையில் அடிபட்ட பிள்ளைகளுக்கு ஸ்கேன் தேவையா என்று சொல்லும் பெக்கார்ன் (PECARN) விதிகளில் வாந்தி, சற்று நேரம் மயங்கியது, கடும் தலைவலி, பெரிய உயரத்திலிருந்து விழுந்தது போன்றவற்றைப் பார்த்துத்தான் ஸ்கேனா, கவனித்தாலே போதுமா என்று முடிவெடுக்கிறார்கள். இரண்டு வயதுக்குக் கீழே விதி வேறு. பிள்ளை வழக்கம்போல இல்லை என்று தாய் சொல்வதே அங்கே ஓர் அறிகுறி. தாயின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்போது, அவருக்குப் புரியாத சொல்லை அவர் கையில் கொடுக்கலாமா? இப்படி வைத்துக் கவனிப்பதற்கு 'கண்காணிப்பு' போலீஸ் வாடை அடிக்கிறது. 'கவனிப்பு நேரம்' போதும்.

அப்புறம் ஓய்வு. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது பழைய முறை. இப்போது முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும் அடக்கமாக இருந்தால் போதும், மெல்ல நடக்கலாம், பள்ளிக்கூடம் முதலில், ஆட்டம் கடைசியில். ஆட்டத்துக்கு ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள். தலை முட்டும் ஆட்டத்துக்கு டாக்டர் சரி என்று சொல்லணும். அந்த முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வை ஆங்கிலத்தில் 'relative rest' என்கிறார்கள். அதற்கு 'ஒப்பீட்டு ஓய்வு' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. 'அளவான ஓய்வு' சரியாக இருக்குமா?

சீட்டில் அச்சிட நான் எழுதியது இது: "பிள்ளைக்கு மூளைக் குலுக்கம். தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே கூட்டி வாருங்கள். டாக்டர் சொல்லும்வரை ஆட்டம் வேண்டாம்."

'வலிப்பு' என்பதை வடசென்னையில் 'ஃபிட்ஸ்' என்றுதான் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்தே போட்டுவிடட்டுமா, ஐயா?