‘பனிநீர்க் குறைவு’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கையேட்டுக் குழு:
அன்பர்களே, கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான கையேட்டில் ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒலிகோஹைட்ராம்னியோஸ் (கருப்பையில் குழந்தையைச் சுற்றியுள்ள நீர் குறைவது), அன்ஹைட்ராம்னியோஸ் (அந்த நீரே இல்லாமல் போவது), போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ் (ஆண் கருவின் சிறுநீரை மறிக்கும் மடிப்பு) மூன்றுக்கும் தமிழ் வேண்டும். முதலாவதற்கு வரைவில் ‘கருநீர்க் குறைபாடு’ என்று போட்டிருக்கிறோம். ‘தண்ணி கம்மி’ என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள், அதையே போடுங்கள் என்று ஒரு தரப்பு.

ஸ்கேன் அறை:
‘குறைபாடு’ வேண்டாம். இரும்புச்சத்துக் குறைபாடு மாதிரி மாத்திரையில் சரியாகும் என்று படும். ‘தண்ணி கம்மி’ அதைவிட மோசம். கேட்டவுடன் மாமியார் சொம்பை நீட்டுவார். வேறு கோளாறு இல்லாமல் நீர் மட்டும் குறைந்திருந்தால், தாய் தண்ணீர் குடிப்பதால் அளவு கொஞ்சம் ஏறுவதுண்டு. ஆனால் ஏறத்தாழ 16 வாரத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பங்கு குழந்தை கழிக்கும் சிறுநீர். குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவில்லை என்றால் தாய் குடம் குடமாகக் குடித்தும் பயனில்லை. அப்படிப்பட்ட கருவிலும் 14 வாரத்தில் நீர் சரியாகவே தெரியும். அப்போது சவ்வு வழியாகவும் கருவின் தோல் வழியாகவும் கசிவதே அதிகம். 18–20 வார ஸ்கேனில் பார்த்தால் வற்றியிருக்கும், சிறுநீர்ப்பையும் கண்ணில் படாது. ஒரு பக்கச் சிறுநீரகம் மட்டும் பழுது என்றால் பொதுவாக நீர் குறையாது. இதைக் கையேட்டில் தனி வரியாகச் சேருங்கள்.

இலக்கணக்கிறுக்கன்:
‘கருநீர்’ இரண்டாகப் பிரியும். கருவின் நீர் என்றால் வேற்றுமைத்தொகை. கரிய நீர் என்றால் பண்புத்தொகை. நகரம் மிகாது என்பதால் சந்தியும் கைகொடுக்காது. என் பரிந்துரை ‘குறைநீர்’. வினைத்தொகை ஐயா! குறைந்த நீர், குறைகின்ற நீர், குறையும் நீர், மூன்று காலமும் ஒரே சொல்லில்.

ஸ்கேன் அறை:
பண்புத்தொகைதான் என் பயமும். குழந்தை உள்ளேயே மலம் கழித்தால் நீர் பச்சையாக, கறுப்பாக வரும். அது வேறு ஆபத்து. ‘கருநீர்’ என்று எழுதினால் செவிலியர் எதைப் புரிந்துகொள்வார்? மூன்று காலமும் எனக்கு உதவாது. இன்று அளந்தது என்ன என்பதே கேள்வி. தொப்புளை மையமாக வைத்து வயிற்றை நான்காகப் பிரிக்கிறோம். புரோபை (வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியை) தரைக்குச் செங்குத்தாகப் பிடித்து, தொப்புள்கொடியோ கைகாலோ குறுக்கிடாத ஆழமான நீர்த்தேக்கத்தை ஒவ்வொரு பகுதியிலும் அளந்து கூட்டுகிறோம். கூட்டுத்தொகை 5 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு. ஒரே தேக்கத்தை வைத்துச் சொல்வதானால் 2 செ.மீ.க்குக் கீழ். அழுத்திப் பிடித்தால் தேக்கம் நசுங்கி இல்லாத குறைவு வரும். கொடிச்சுருளை நீரென்று எண்ணினால் இருக்கும் குறைவு மறையும்.

மானிப்பாய்:
இலங்கையில எங்கட பாடப்புத்தகங்களில் இந்த நீருக்கு ‘அமினியன் பாய்பொருள்’ எண்டுதான் பழக்கம். இதே மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், கெமிஸ்ட்ரியைக் ‘கெமிஸ்தம்’ எண்டு எழுதினவர். பெயரை அப்பிடியே எடுத்தால் என்ன குறைஞ்சு போகும்?

தனித்தமிழ்:
கெமிஸ்தம் இன்று யார் வாயில் இருக்கிறது? அதுவே பதில். தவிர, ‘அம்’ என்றால் நீர் என்று நிகண்டு சொல்கிறது. அந்த நீரைச் சூழ்ந்த சவ்வுக்கான ‘அம்னியான்’ என்ற பெயர் நம் சொல்லிலிருந்தே போயிருக்கலாம்.

இலக்கணக்கிறுக்கன்:
போகவில்லை. கிரேக்கத்தில் அது பலியிட்ட விலங்கின் குருதியை ஏந்தும் கலம். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் சொல்லோடு இணைப்பாரும் உண்டு. நம்மிடம் பனிக்குடம் இருக்கும்போது இந்த ஊர்வலம் எதற்கு? பன்னீர்க்குடம் என்ற வழக்கும் உண்டு. பனிநீர்தானே பன்னீர்! எது முந்தியது என்று எழுதத் தொடங்கினால் வெள்ளி போய் ஞாயிறு வந்துவிடும்.

ஸ்கேன் அறை:
பனிக்குடம் உடைந்தது என்றால் எந்தக் கிராமத்திலும் புரியும். குடத்தில் ஓட்டை விழுந்து கசிவதும் நீர் குறைய ஒரு காரணம், ஆகவே உருவகமும் பொருந்துகிறது. ‘பனிநீர்க் குறைவு’ என் வாக்கு. அளக்க ஒரு தேக்கமும் இல்லாவிட்டால் ‘பனிநீரின்மை’. இரண்டையும் கலக்காதீர்கள். 16 முதல் 24 வாரத்துக்குள் நீரே இல்லாமல் போனால் நுரையீரல் வளர்ச்சி நின்றுவிடும். பிறந்த குழந்தையை முதலில் கொல்வது சிறுநீரகம் அல்ல, மூச்சு.

தனித்தமிழ்:
வால்வுக்கு ‘ஓரதர்’. ஒரு + அதர், ஒருவழிப் பாதை.

ஸ்கேன் அறை:
அழகான சொல், தப்பான இடம். ஓரதர் என்றால் போகவேண்டிய திசையில் விடும். இது நேர்மாறு. ஆண் கருவின் சிறுநீர்ப்புறவழியில் பிறவியிலேயே இருக்கும் சவ்வு மடிப்பு. பிறந்தபின் கீழிருந்து குழாய் செருகினால் தடையின்றி ஏறும், மேலிருந்து சிறுநீர் மட்டும் இறங்காது. சிறுநீர்ப்பை தடித்து உப்பி, அதன் கீழே புறவழியும் விரிந்து ஸ்கேனில் சாவித்துளை மாதிரி தெரியும். ‘புறவழிச் சவ்வுமடிப்பு’ போதும்.

மானிப்பாய்:
‘நீர்ச்சுருக்கம்’ எண்டும் ஒருவர் தனிமடலில் கேட்டவர். நீர்ச்சுருக்கு எண்டால் இங்க சிறுநீர் எரிஞ்சு சொட்டுச் சொட்டாய்ப் போறது. தாய்க்கு வேற மருந்தல்லோ குடுப்பினம்!

கையேட்டுக் குழு:
நன்றி. பனிநீர்க் குறைவு, பனிநீரின்மை, புறவழிச் சவ்வுமடிப்பு என்று அனுப்புகிறோம். முதல்முறை வரும் இடத்தில் ஒலிகோஹைட்ராம்னியோஸ் என்றும் சேர்ப்போம். ஸ்கேன் தாளில் அதுதானே இருக்கும். குறைநீருக்கு 1 வாக்கு, பாய்பொருளுக்கு 1.

இலக்கணக்கிறுக்கன்:
அந்த ஒரு வாக்கைக் கையேட்டின் அடிக்குறிப்பிலாவது போடுங்கள். ‘சவ்வுமடிப்பு’ சேர்த்தா, பிரித்தா?