கலைச்சொல் தேவை: 'கியர் ஸ்லிப்' – ஒரு சொல்லா, பல சொற்களா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் படிப்பவர்களுக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கியர் பெட்டிக் கோளாறுகள் பற்றிய அத்தியாயத்தில் நின்றுவிட்டேன்.

மூலத்தில் 'ஸ்லிப்' என்ற ஒரே சொல் இரண்டு கோளாறுகளுக்கு வருகிறது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை, இது ஒன்று. போட்ட கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது, இது மற்றொன்று. முதலாவதற்கு, எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்சின் பிளேட்டைப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்குக் கியர் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய பதிப்பில் இரண்டுமே 'கியர் நழுவல்' என்று அச்சாகியிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு நல்ல கிளட்ச் பிளேட்டைக் கழற்றி மாற்றும் மாணவரைக் குறை சொல்ல முடியுமா?

இவற்றோடு, மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடாத நிலைக்கும், கியர் மாற்றும்போது பற்கள் மோதி எழும் ஓசைக்கும் சொல் வேண்டும். என் வரைவில் உள்ளவை: நழுவல், வெளிவரல், இழுவை, உரசல். 'இழுவை' என்றால் இழுவை வண்டிதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை மாற்றியே ஆகவேண்டும். அட்டவணையில் கட்டம் சிறியது. இரண்டு சொற்களுக்கு மேல் கொள்ளாது.

தொழிற்பயிற்சி ஆசிரியர், நாமக்கல்:

வணக்கம் அம்மா. பட்டறையில் இந்த நான்குக்கும் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. பெயர்ச்சொல்லாக இல்லை, வினைச்சொல்லாக இருக்கின்றன. கிளட்ச் பிடிக்கவில்லை. கிளட்ச் விடவில்லை. கியர் விழவில்லை. கியர் நிற்கவில்லை. லாரி ஓட்டுநர் வந்து இவற்றில் ஒன்றைச் சொன்னால் போதும், எந்தச் சாவியை எடுப்பது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும்.

மாணவர்களுக்கு நான் கொல்லிமலையை வைத்துத்தான் விளக்குகிறேன். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சுற்று மட்டும் உயர்கிறது, வண்டி தவழ்கிறது, கருகல் வாடை வருகிறது. இது கிளட்ச் பிடிக்காதது. பிளேட்டின் உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கும், அல்லது அதில் எண்ணெய் கசிந்திருக்கும், அல்லது மிதிக்கு விளையாட்டே (கிளட்ச் இயங்கத் தொடங்குமுன் மிதி சும்மா நகரும் சிறு தூரம்) இல்லாமல் இறுக்கி வைத்திருப்பார்கள். இறங்கும்போது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்த நொடியில் இரண்டாம் கியர் தானாக விடுபட்டு லீவர் நடுவுக்கு வந்துவிடுகிறது. இது கியர் நிற்காதது. கியரைத் தள்ளிச் சேர்க்கும் கவையான செலக்டர் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், அதைப் பிடித்து நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கியரின் கவ்வுபற்கள் மழுங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் எஞ்சின் பிடிமானம் போய்விடுவதால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. உயிர் போகக்கூடிய கோளாறு. ஏறும்போது வருவதையும் இறங்கும்போது வருவதையும் ஒரே சொல்லால் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

தமிழாசிரியர் (ஓய்வு), திருவையாறு:

ஆசிரியர் சொன்ன நான்கு வினைகளும் நல்ல தமிழ் வினைகள். ஆனால் கலைச்சொல் பெயராக நிற்க வேண்டும். அட்டவணைத் தலைப்பில் 'பிடிக்கவில்லை' என்று எழுத முடியாது.

முதல் கோளாற்றுக்கு 'வழுக்கல்' என்பதை முன்மொழிகிறேன். 'ஒழுக்க முடையவர்க்கு ஒல்லாவே தீய வழுக்கியும் வாயாற் சொலல்' என்கிறது குறள். அங்கே வழுக்குதல் என்பது தவறி நிகழ்வது. வழு என்றாலே பிழை. நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக எண்ணுகிறார். நழுவுதலில் இந்தக் குற்றப் பொருள் இல்லை. கையிலிருந்து பொருள் நழுவுவது இயற்கை. நெறியிலிருந்து வழுவுவது குற்றம். வழு, வழுக்கு, வழுவு, வழும்பு என இந்த வேர்க்குடும்பம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கோளாறுகளுக்கெல்லாம் ஒரே வேரிலிருந்து பெயர் அமைக்கலாம். 'இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே' (வழுக்கும் இடத்தில் ஊன்றுகோல் போன்றது) என்ற குறளில் வரும் இழுக்கலும் வழுக்கலும் ஒரே பொருளில் அருகருகே வாழ்வதைக் காண்க. இழுக்கு என்பதும் குற்றத்தைக் குறிப்பதே. வழுக்கல் கிளட்சுக்கு, இழுக்கல் கியருக்கு எனப் பகுத்துக்கொள்ளலாம்.

நாமக்கல்:

ஐயா, மன்னிக்க வேண்டும். 'கியர் இழுக்கல்' என்று எழுதினால் என் மாணவர் கியர் லீவரைப் பிடித்து இழுப்பார்.

திருவையாறு:

தம்பி, இழுத்தல் வேறு, இழுக்கல் வேறு. மாணவர் அறியாத சொல்லை மாணவருக்குக் கற்பிப்பதற்காகத்தானே நாம் இருக்கிறோம்? பேருந்து என்ற சொல்லை முதலில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்?

மெய்ப்புத் திருத்துநர், காரைக்குடி:

பேருந்து நிலைத்தது, மகிழுந்து பாடநூலைத் தாண்டிப் பெரிதாக வரவில்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள்தாம். 1916இல் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கிய நாள்முதல், வழங்குகிற சொல்லா, ஆக்குகிற சொல்லா என்ற இந்த வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தீராது.

எனக்கு வேறொரு கவலை. எல்லாரும் 'கிளட்ச்' என்றே எழுதுகிறீர்கள். தமிழில் எந்தச் சொல்லும் 'ச்' என்று முடியாது. ஆனால் ட் என்ற மெய்யை அடுத்துச் சகரம் வருவது நமக்கு இயல்பு: ஆட்சி, காட்சி, மாட்சி. ஆகவே ஓர் உகரம் சேர்த்துக் 'கிளட்சு' என்றால் அது இலக்கணத்துக்குள் முறையாக அமர்ந்துவிடுகிறது. 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன நெறியை எந்திரச் சொல்லுக்கும் நீட்டலாம். 'கியர்' ரகரத்தில் முடிவதால் அதற்குச் சிக்கலே இல்லை. கிளட்சுக்கு என்று உருபேற்கும்போதெல்லாம் நாம் அந்த உகரத்தை ஏற்கெனவே ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வாகனப் பழுதுபார்ப்பாளர், டொராண்டோ:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு இங்கே வேலை பார்க்கிறேன். நாங்கள் ஊரில் கியரைப் பற்சில்லு என்று படித்தோம். அதையும் நினைவில் வைத்திருங்கள். சில்லு எங்களுக்கு அன்றாடச் சொல்.

இங்கே வருகிற கார்களில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். அவற்றில் கால்மிதி கிளட்சே இல்லை, ஆனால் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சுத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை தேய்ந்தாலோ அழுத்தம் குறைந்தாலோ அவையும் நழுவும். உள்ளே நுழையும் தண்டின் சுழல்வேகத்தையும் வெளியேறும் தண்டின் சுழல்வேகத்தையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்தக் கியருக்குரிய விகிதம் வராவிட்டால் பி0730 என்ற குறியீட்டைப் பதிவு செய்கிறது. அதைப் பார்த்தவுடன் பெட்டியை இறக்கிவிடக் கூடாது. முதலில் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் வாடையையும் பார்க்க வேண்டும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் தட்டுகள் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நழுவலில் குற்றப் பொருள் இல்லை, வழுக்கலில் உண்டு என்று திருவையாறு ஐயா காட்டிய வேறுபாடு ஓரிடத்தில் மிகவும் பயன்படுகிறது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் இரு பக்கச் சுழற்சிக்கும் வேறுபாடு இருப்பது இயல்பு. அது கோளாறு அல்ல. அந்த இயல்பான வேறுபாட்டுக்கு 'நழுவல்' என்ற நடுநிலைச் சொல் தேவைப்படும். கோளாற்றுக்கு அதையே தனியாக வைத்தால் ஆட்டோமேட்டிக் அத்தியாயத்தில் மீண்டும் குழப்பம் வரும். ஆகவே கோளாற்றுக்குப் 'பிடிநழுவல்' என்று சேர்த்துச் சொல்லலாம். பட்டறையின் 'பிடிக்கவில்லை'யும் அதற்குள் வந்துவிடுகிறது.

நாமக்கல்:

பிடிநழுவல் எனக்குச் சம்மதம். அப்படியானால் மிதித்தும் விடாத கிளட்சுக்கு 'விடாப்பிடி' என்று ஏன் வைக்கக் கூடாது? மிதியை அடிவரை மிதித்தாலும் பிளேட், எஞ்சினோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீலை விடாமல் பிடித்துக்கொண்டு சுழல்கிறது. அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறதா?

இதைக் கண்டுபிடிக்கும் சோதனையையும் கையேட்டில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டு, கிளட்சை முழுதாக மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட வேண்டும். பல வண்டிகளில் ரிவர்சுக்குச் சின்க்ரோ வளையம் (பற்கள் சேருமுன் சுழல்வேகங்களைச் சமமாக்கும் வளையம்) கிடையாது. காத்திருந்த பிறகும் நறநறவென்றால் கிளட்சு விடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கும், ஹைட்ராலிக் என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கும். ரிவர்ஸ் அமைதியாக விழுகிறது, ஓட்டத்தில் இரண்டாம் கியருக்கு மட்டும் ஓசை வருகிறது என்றால் அந்தக் கியரின் சின்க்ரோ வளையம்தான் தேய்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுகின்றன, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றாலும் சந்தேகம் கிளட்சின் மேல்தான்.

காரைக்குடி:

விடாப்பிடி: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகுந்திருக்கிறது, புணர்ச்சி சரி. ஆனால் அது மனிதரின் பிடிவாதத்துக்கு ஊன்றிப்போன சொல். 'விடாப்பிடியை நீக்குக' என்று கையேட்டில் படித்தால் அறவுரை போல இருக்கும்.

திருவையாறு:

எதிர்க்கிறேன். உருவகமாகப் பயன்பட்டுத் தேய்ந்த சொல்லைத் திரும்ப எடுத்து எந்திரத்துக்கு நேர்ப்பொருளில் கொடுப்பது சொல்லுக்கு உயிர் கொடுப்பதாகும். விடாப்பிடிக்கு என் முழு வாக்கு. பிடிநழுவலை மட்டும் ஏற்க மாட்டேன். பிடிவழுக்கல் என்றே இருக்க வேண்டும்.

கியர் தானாக வெளியேறுவதற்குக் 'கழல்வு' என்க. சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிய, வளை நெகிழ்ந்து கழல்கிறது. யாரும் கழற்றாமல் தானே கழல்வதுதான் அங்கே கருத்து. கழற்றுதல் பிறவினை, கழலுதல் தன்வினை. நம் கோளாறும் தன்வினைதான்.

பல் மருத்துவர், மதுரை:

பற்களின் ஓசைக்கு முந்தைய இழையில் ஒருவர் 'பற்கடி' என்று எழுதியிருந்தார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் நோய்க்கு நாங்கள் பல் கடித்தல் என்று எழுதுகிறோம். இரண்டு துறையிலும் ஒரே சொல் வந்தால் கேடில்லை. ஆனால் கடிப்பது அசையாமல் அழுத்துவது. ஒன்றோடொன்று உராய்ந்து ஓசை எழுவது நறநறத்தல். 'பல் நறநறப்பு' துல்லியமாக இருக்கும்.

நாமக்கல்:

மருத்துவர் சொன்னதை ஏற்கிறேன். இதோடு எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். ஜி.எல்.4 தரம் கேட்கும் கியர் பெட்டியில், பெயரில் எண் கூடியிருக்கிறது என்று ஜி.எல்.5 ஊற்றிவிடுகிறார்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சில வகைகளில் பித்தளைச் சின்க்ரோ வளையத்தை அரிக்கின்றன. வளையத்துக்கு வேண்டிய உராய்வும் குறைந்துவிடுகிறது. நறநறப்புக்கு எண்ணெயே காரணமாக இருக்கும்போது பெட்டியைப் பிரிப்பது வீண் செலவு.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

அனைவருக்கும் நன்றி. நாளை காலை கோப்பு போகிறது. இதுவரை வந்த மடல்களை வைத்துப் பெரும்பான்மையைக் கணக்கிட்டு இப்படி முடித்திருக்கிறேன்: பிடிநழுவல், விடாப்பிடி, கியர் கழலல், பல் நறநறப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஆசிரியரின் பட்டறை வினையையும் சேர்த்திருக்கிறேன். பிடிநழுவலுக்குக் கீழே 'கிளட்சு பிடிக்கவில்லை' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதற்காக வடிவமைப்பாளர் கட்டத்தை அகலமாக்கித் தந்துவிட்டார். ரிவர்ஸ் சோதனையும் எண்ணெய் எச்சரிக்கையும் பெட்டிச் செய்தியாக வருகின்றன. கிளட்சு, உகரத்தோடு.

'கழல்வு' தனியாக நின்றால் வீரக்கழலை நினைவூட்டும் என்று இருவர் தனிமடலில் எழுதியதால் 'கழலல்' என்று வைத்தேன். சின்க்ரோ வளையத்துக்குச் சொல் கிடைக்கவில்லை. 'ஒத்தியக்கி' எதை ஒத்தியக்குகிறது என்று சொல்லவில்லை. 'வேகவொப்பி' வாயில் நுழையவில்லை. 1928இல் காடிலாக் கார்களில் முதலில் வந்த அமைப்புக்கு இன்னும் தமிழில் பெயரில்லாமல் இருப்பது வருத்தம்தான், ஆனாலும் இந்தப் பதிப்பில் அது சின்க்ரோ வளையமாகவே போகிறது.

திருவையாறு:

முடிவை ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அல் ஈறு பெற்ற 'கழலல்' செயலைக் குறிக்கும். கோளாற்றின் பெயராக நிற்கக் 'கழல்வு'தான் தகும். தேய்வு, உயர்வு, சோர்வு எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. சோர்வு இருக்கும்போது சோரல் என்று யார் எழுதுகிறார்கள்? நழுவலையும் வழுக்கலையும் பற்றித் தனியே ஒரு நீண்ட மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் குழு அதைப் படித்துவிட்டு வாக்களிக்க வேண்டும். வளையத்துக்குக் 'கதியிணை வளையம்' என்பதையும் அதில் விளக்குவேன்.

நாமக்கல்:

ஐயா, 'கதியிணை வளையம்' நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்க்கிறேன்.