பனேயோலஸ் சயனெசன்ஸ்: ‘நீலம்பாரிக்கும் புள்ளிச்செவுளி’

அன்புடையீர், வணக்கம். பனேயோலஸ் சயனெசன்ஸ் என்னும் காளானுக்குத் தமிழ்ப் பெயர்களாக முன்மொழியப்பட்ட ‘போதைக்காளான்’, ‘மாயக்காளான்’ இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. முன்னது கொடைக்கானல் செய்திகளில் அடிபட்டு, சைலோசிபின் என்னும் போதை தரும் வேதிப்பொருள் உள்ள காளான்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்காகிவிட்டது. பின்னதோ ஆசை காட்டி அழைக்கும் பெயர்.

இக்காளான் நமக்கு அயலானதன்று. 1871இல் பூஞ்சையியலாளர்களான பெர்க்லியும் புரூமும் இலங்கைப் பூஞ்சைகளை விவரித்தபோதுதான் இது முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றது. நம் இராமநாதபுரக் கரைக்கு அது பாக் நீரிணையின் அக்கரை. வெப்பமண்டல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களில், மழைக்குப் பின், மாட்டுச் சாணத்திலும் எருமைச் சாணத்திலும் இது முளைக்கிறது. ஆனால் அதற்காக ‘சாணிக்காளான்’ என்று வைத்தால், ஐப்பசி மழையில் கிடை போட்ட புஞ்சையிலும் கண்மாய்க் கரையிலும் சாணத்தில் கிளம்பும் எதையும் நம் மக்கள் அப்படித்தானே சொல்வார்கள்? சாணத்தில் முளைத்து, நசுக்கினால் நீலமாகும் சைலோசிபே கியூபென்சிஸ் என்னும் வேறொரு காளானும் அதே பெயருக்குள் வந்துவிடும்.

ஆகவே கண்ணுக்குப் படும் அடையாளங்களைக் கொண்டே பெயரிட வேண்டும் என்பது என் கருத்து. பனேயோலஸ் பேரினத்தில் வித்துகள் ஒரே சீராக முதிர்வதில்லை. அதனால் குடையின் அடியில் மெல்லிய தகடுகளாக உள்ள செவுள்களில் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுகள் தெரியும். குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஓரிரவு வைத்தால் படியும் வித்துத்தூள் மைக்கறுப்பு. கியூபென்சிசுக்கு அது கருஊதா. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிப் பழகிய கடற்கரை வாசகருக்குப் ‘புள்ளிச்செவுளி’ விளக்கமின்றியே விளங்கும்.

இனி அடைமொழி. இரண்டு மூன்று மில்லிமீட்டரே தடிமனுள்ள அதன் காம்பை விரலால் நசுக்கினால், சைலோசிபின் சைலோசினாகச் சிதைந்து ஆக்சிஜனோடு வினைபுரிய, அவ்விடம் மெல்ல நீலமேறும். ‘நீல’ என்று மட்டும் சொன்னால் நீலநிறக் குடையைத் தேடுவார்கள்; குடையோ சாம்பல் வெளுப்பு. நஞ்சேறிய உடம்பு ‘நீலம் பாரித்துவிட்டது’ என்கிற நம் வழக்கு, மாற்றத்தையும் சொல்கிறது, எச்சரிக்கவும் செய்கிறது. சுருக்கி ‘நீலம்பாரி’ என்றால் நீலாம்பரி இராகமாக வாசிப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், ‘நீலம்பாரிக்கும் புள்ளிச்செவுளி’ என்று முழுமையாகவே எழுதலாம். சாணம், சைலோசிபின், அவ்வேதிப்பொருள் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது ஆகியவை இக்காளானின் பெயர்ப் பதிவில் விளக்கப் பகுதியில் இடம்பெறட்டும். ‘செவுள்’ வேண்டாம், பாடநூல்களில் வேறு சொல் நிலைபெற்றுவிட்டது என்று கருதுவோர், அச்சொல்லைக் கொண்டே பேரினப் பெயரையும் அமைத்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.